ஐரோப்பிய அரசியல், அட்லாண்டிக் உறவுகள்: பல்கலைக்கழகப் பொது உரைகளும் பயிலரங்குகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனி, பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா என்று மேல்படிப்புக்குப் போகிற நம் மாணவர்கள் பலர், தங்கள் வளாகத்திலேயே வாரம் தவறாமல் ஐரோப்பிய அரசியல் பற்றிய உரைகள் நடப்பதைக் கவனிப்பதில்லை. சுவரொட்டி கண்ணில் பட்டாலும், "அது அரசியல் துறைக்காரர்களுக்கு, நமக்கெதற்கு" என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். முன்னாள் பிரதமர்களும் வெளியுறவு அமைச்சர்களும் நீதிபதிகளும் வந்து பேசும் மேடைகள் இவை. அதுவும் காசில்லாமல். போகலாமா, போனால் புரியுமா, கேள்வி கேட்கலாமா என்று என்னிடம் வருகிற கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன்.

நான் அந்தப் பல்கலைக்கழக மாணவன் இல்லை. உள்ளே விடுவார்களா?

விடுவார்கள். "பொது உரை" என்று அறிவித்துவிட்டால் அது தெருவில் போகிறவருக்கும் சேர்த்துத்தான். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் நடத்தும் பொது உரைகளில் பெரும்பாலானவை இலவசம், யாரும் போகலாம். மிகப் பெரிய பெயர் வரும்போது மட்டும் முன்பதிவு கேட்பார்கள். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் ஒரே தலைப்பில் வாரம் ஒருவர் வந்து பேசும் தொடர் உரைகள் உண்டு. அவற்றில் பலவற்றுக்கு அடையாள அட்டைகூடக் கேட்பதில்லை. முதல் வரிசைகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அக்கம்பக்கத்துக்காரர்களும் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

அறிவிப்பில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். "அனைவரும் வரலாம்" என்றிருக்கிறதா, "பல்கலைக்கழக உறுப்பினர்களுக்கு மட்டும்" என்றிருக்கிறதா? தெளிவாக இல்லையென்றால் அமைப்பாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள், பதில் வரும். இலவச நிகழ்ச்சிகளுக்குப் பதிவு செய்துவிட்டு வராமல் போகிறவர்கள் நிறையப் பேர். அதனால் "இடம் நிரம்பிவிட்டது" என்று இருந்தாலும் அரை மணி நேரம் முன்னதாகப் போய் வாசலில் நின்றால் இடம் கிடைப்பதுண்டு.

பெரிய அரசியல் தலைவர்கள் ஏன் நாடாளுமன்றத்தை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தில் பேசுகிறார்கள்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் இன்றைய ஐரோப்பாவின் பல திருப்பங்கள் முதலில் அறிவிக்கப்பட்டதே பல்கலைக்கழக மேடைகளில்தான்.

நாடாளுமன்றத்தில் அமைச்சர் பேசும் ஒவ்வொரு சொல்லும் அரசின் நிலைப்பாடு ஆகிவிடும். எதிர்க்கட்சி பிடித்துக்கொள்ளும், தூதரகங்கள் விளக்கம் கேட்கும். பல்கலைக்கழகத்தில் அவர் கொஞ்சம் உரக்க யோசிக்கலாம். எதிரே இருப்பவர்கள் வாக்கெடுப்பு நடத்தப் போவதில்லை. அதே சமயம் பேச்சு பதிவாகி, மறுநாள் உலகமே படிக்கும்.

1946 மார்ச் 5. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஃபுல்டன் என்ற சிற்றூர். அங்கே வெஸ்ட்மின்ஸ்டர் கல்லூரி என்று ஒரு சின்னக் கல்லூரி. நம் பல்கலைக்கழகங்களில் அறக்கட்டளைச் சொற்பொழிவு நடக்குமே, அதுபோல அங்கும் ஜான் ஃபிண்ட்லி கிரீன் என்பவர் பெயரில் ஒரு சொற்பொழிவு வரிசை நடந்துவந்தது. கல்லூரித் தலைவர் சர்ச்சிலுக்கு அழைப்புக் கடிதம் எழுதினார். அந்தக் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் வெள்ளை மாளிகையில் ட்ரூமனின் உதவியாளராக இருந்தார். அவர் வழியாகக் கடிதம் அதிபர் கைக்குப் போனது. ட்ரூமன் அதன் அடியிலேயே தன் கையால், இது என் சொந்த மாநிலத்தில் இருக்கும் அருமையான கல்லூரி, நீங்கள் வந்தால் நானே அறிமுகம் செய்து வைக்கிறேன் என்று எழுதி அனுப்பினார். சர்ச்சில் அப்போது பிரதமர் இல்லை, 1945 தேர்தலில் தோற்றிருந்தார். வாஷிங்டனிலிருந்து இருவரும் ரயிலில் போனார்கள். கூட்டம் கொள்ளக்கூடிய இடம் கல்லூரி உடற்பயிற்சிக் கூடம்தான், உரை அங்கேதான் நடந்தது. பால்டிக் கடலோரத்து ஸ்டெட்டினிலிருந்து ஏட்ரியாட்டிக் கடலோரத்து ட்ரியஸ்ட் வரை கண்டத்தின் குறுக்கே ஓர் இரும்புத் திரை இறங்கிவிட்டது என்ற வரி அந்தக் கூடத்தில் ஒலித்தது. சோவியத் பிடியிலிருந்த கிழக்கு ஐரோப்பா மேற்கிலிருந்து பிரிந்துவிட்டது என்பது அதன் பொருள். பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே "சிறப்பு உறவு" வேண்டும் என்று அவர் வலியுறுத்தியதும் அதே உரையில்தான். சில நாட்களிலேயே சோவியத் தலைவர் ஸ்டாலின் பிராவ்தா நாளிதழ் வழியாகக் கோபமாகப் பதில் சொன்னார். 1992-இல், சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு, அதன் கடைசித் தலைவர் கொர்பச்சேவ் அதே கல்லூரிக்கு வந்து பேசினார்.

அதே 1946-இல், செப்டம்பர் 19 அன்று, சர்ச்சில் சூரிக் பல்கலைக்கழகத்தில் "ஒருவகை ஐரோப்பிய ஐக்கிய நாடுகள்" வேண்டும் என்றார். முதல் படி பிரான்சும் ஜெர்மனியும் கைகோப்பது என்றார். போர் முடிந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த ஆண்டு ஜூன் 5. ஹார்வர்டில் பட்டமளிப்பு நாள். கௌரவப் பட்டம் வாங்க வந்த அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல், பன்னிரண்டு நிமிடம் போல ஒரு சின்ன உரையை ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தார். போரில் சிதைந்த ஐரோப்பாவைத் திரும்பக் கட்ட முதலில் முன்வர வேண்டியது ஐரோப்பாவே, அமெரிக்கா துணை நிற்கும் என்பதே அதன் சாரம். பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எர்னெஸ்ட் பெவின் பிபிசி வானொலி வழியாகச் செய்தி அறிந்து, உடனே பிரான்சோடு பேசினார். அடுத்த மாதமே பாரிஸில் மாநாடு கூடியது. 16 நாடுகள் சேர்ந்தன. 1948-இலிருந்து நான்கு ஆண்டுகளில் சுமார் 1,300 கோடி டாலர் உதவி போனது. அதைத்தான் மார்ஷல் திட்டம் என்கிறோம்.

எல்லா உரையும் ஐரோப்பாவைச் சேர்த்துவைக்கப் பேசப்பட்டவை அல்ல. 1988 செப்டம்பர் 20 அன்று பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரிலுள்ள ஐரோப்பியக் கல்லூரியில் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் பேசியது நேரெதிர்த் திசை. பிரிட்டனில் அரசின் தலையீட்டைக் குறைத்தது, ஐரோப்பிய அமைப்புகள் இருக்கும் பிரஸ்ஸல்ஸிலிருந்து ஒரு மேலரசு வந்து அதைத் திரும்பத் திணிப்பதற்காக அல்ல என்றார். பிற்பாடு பிரெக்ஸிட்டுக்கு, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதற்கு, குரல் கொடுத்தவர்கள் பலர் இந்த உரையைத்தான் வேர் என்பார்கள். ஆனால் முழு உரையைப் படித்தால், பிரிட்டனின் விதி ஐரோப்பாவில்தான், ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தின் ஓர் அங்கமாகத்தான் இருக்கிறது என்றும் அவர் சொல்லியிருப்பது தெரியும். இரு தரப்பும் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. முழு உரையையும் உட்கார்ந்து கேளுங்கள், முழு எழுத்து வடிவத்தைப் படியுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒன்றே போதும்.

2000 மே 12 அன்று ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் யோஷ்கா ஃபிஷர் பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்துக்கு வந்து, அமைச்சராக இல்லாமல் தனிமனிதராகப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு, ஐரோப்பா ஒரு கூட்டாட்சியாக வேண்டும் என்றார். பல்கலைக்கழக மேடை தரும் சுதந்திரத்தை இதைவிட வெளிப்படையாக யாரும் பயன்படுத்தியதில்லை. அந்த விவாதம் வளர்ந்து ஐரோப்பிய அரசமைப்பு ஒப்பந்தம் வரை போனது. 2005-இல் பிரான்சும் நெதர்லாந்தும் வாக்கெடுப்பில் அதை நிராகரித்தன. மிஞ்சியதில் பெரும்பகுதி லிஸ்பன் ஒப்பந்தமாக மாறி 2009 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

பிரெஞ்சு அதிபர் மக்ரோன் 2017 செப்டம்பரில் பாரிஸ் சோர்போனில் பேசியபோது, நாடு கடந்த பல்கலைக்கழகக் கூட்டணிகள் வேண்டும் என்றும் கேட்டார். இன்று அப்படி 60-க்கும் மேற்பட்ட கூட்டணிகள் இயங்குகின்றன. 2024 ஏப்ரலில் அதே சோர்போனுக்குத் திரும்பி வந்து, நம் ஐரோப்பா இறந்துபோகவும் கூடும் என்றார். ஏழு ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதரின் குரல் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதற்காகவே இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கலாம்.

அட்லாண்டிக் உறவுகள் என்ற தலைப்பில் என்னதான் பேசுவார்கள்?

ஒரு கரையில் அமெரிக்காவும் கனடாவும், மறுகரையில் ஐரோப்பா. பாதுகாப்பு, வர்த்தகம், தொழில்நுட்பம், ரஷ்யா, சீனா என்று பேச்சு விரியும். அடிப்படை, 1949 ஏப்ரல் 4 அன்று 12 நாடுகள் கையெழுத்திட்ட நேட்டோ என்ற ராணுவக் கூட்டணியின் ஒப்பந்தம். ஃபின்லாந்தும் ஸ்வீடனும் சேர்ந்த பிறகு இப்போது 32 நாடுகள். ஒருவர் மீதான தாக்குதல் அனைவர் மீதான தாக்குதல் என்னும் 5-ஆம் பிரிவு இதுவரை ஒரே ஒரு முறைதான் செயலுக்கு வந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அதாவது ஐரோப்பா அமெரிக்காவுக்குத் துணை நின்றபோது. இந்தத் தகவலைச் சொன்னால் அரங்கில் பலர் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கலாம்.

இந்த உறவில் சண்டை புதிதல்ல. 1956-இல் எகிப்தின் சூயஸ் கால்வாய் விவகாரத்தில் அமெரிக்கா பிரிட்டனையும் பிரான்சையும் பின்வாங்க வைத்தது. 1966-இல் பிரெஞ்சு அதிபர் டி கோல் நேட்டோவின் ராணுவக் கட்டமைப்பிலிருந்து பிரான்சை விலக்கிக்கொண்டார், நேட்டோ தலைமையகம் பாரிஸிலிருந்து பெல்ஜியத்துக்கு மாறியது. 2003-இல் இராக் போர் பிரித்தது. 2025-இல் இரண்டு பெரிய விஷயங்கள்: ஹேக் மாநாட்டில் 2035-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்கும் அது சார்ந்த செலவுகளுக்கும் ஒதுக்குவதாக நேட்டோ நாடுகள் ஒத்துக்கொண்டது ஒன்று. ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில் டிரம்பும் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபொன் டெர் லையனும் அமெரிக்காவுக்குள் வரும் பெரும்பாலான ஐரோப்பியப் பொருள்களுக்கு 15 சதவீத வரி என்று பேசி முடித்தது இன்னொன்று. இப்போது எந்த அரங்குக்குப் போனாலும் இந்த இரண்டில் ஒன்று வராமல் இருக்காது.

அடிப்படையே தெரியாமல் போனால் புரியுமா?

பாதி புரியும், பரவாயில்லை, போங்கள். ஆனால் ஒரு குழப்பத்தை மட்டும் வீட்டிலேயே தீர்த்துக்கொண்டு போங்கள். பெயரில் "கவுன்சில்" என்று வரும் மூன்று அமைப்புகள் உண்டு. நாடுகளின் தலைவர்கள் கூடும் ஐரோப்பிய கவுன்சில் ஒன்று. துறை அமைச்சர்கள் கூடிச் சட்டத்துக்கு ஒப்புதல் தரும் ஐரோப்பிய ஒன்றியக் கவுன்சில் இன்னொன்று. இந்த இரண்டும் 27 நாடுகள் கொண்ட ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருப்பவை. மூன்றாவதான கவுன்சில் ஆஃப் யூரோப் தனி அமைப்பு. 1949-இல் தொடங்கியது, ஸ்ட்ராஸ்பூர்கில் இருக்கிறது. 2022-இல் ரஷ்யாவை வெளியேற்றிய பிறகு 46 நாடுகள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதற்குக் கீழேதான் வருகிறது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வந்த பிறகும் அந்த நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டிருப்பது எப்படி என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதில் இருக்கிறது.

சட்ட முன்மொழிவை ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் கொண்டுவரும், ஐரோப்பிய நாடாளுமன்றமும் அமைச்சர்கள் கவுன்சிலும் சேர்ந்து நிறைவேற்றும். இவ்வளவு தெரிந்தால் முதல் உரைக்குப் போதும். மிச்சமெல்லாம் போகப் போகப் பிடிபடும்.

இந்த உரைகளை நடத்தும் மையங்களுக்குப் பணம் யார் கொடுக்கிறார்கள்? பேச்சு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாதா?

கேட்க வேண்டிய கேள்வி. ஒவ்வொருவரும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தத் துறையில் பணத்தின் வரலாறு வெளிப்படையாகவே இருக்கிறது. பெர்லின் ஃப்ரைய பல்கலைக்கழகம் 1948-இல் பிறந்தது. சோவியத் பகுதியிலிருந்த பழைய பல்கலைக்கழகத்தின் நெருக்கடி தாங்காமல் வெளியேறிய மாணவர்களும் ஆசிரியர்களும் அமெரிக்க ஆதரவோடு தொடங்கினார்கள். அதன் முக்கிய அரங்கக் கட்டடம் ஃபோர்டு அறக்கட்டளைப் பணத்தில் எழுந்தது, பெயரே ஹென்றி ஃபோர்டு கட்டடம்தான். 1963 ஜூன் 26 அன்று "நானும் ஒரு பெர்லின்காரன்" என்று கென்னடி பேசினாரே, அதே நாளில் இந்தப் பல்கலைக்கழகத்திலும் பேசினார்.

பணம் எதிர்த்திசையிலும் ஓடியது. மார்ஷல் உரையின் 25-ஆம் ஆண்டு நிறைவு நாளான 1972 ஜூன் 5 அன்று ஜெர்மன் பிரதமர் வில்லி பிராண்ட் ஹார்வர்டுக்கே வந்து, நன்றிக்கடனாக 15 கோடி ஜெர்மன் மார்க் தருவதாக அறிவித்தார். அதில் உருவானதுதான் ஜெர்மன் மார்ஷல் நிதியம். ஹார்வர்டின் ஐரோப்பிய ஆய்வு மையத்தை நிறுவியவர்களில் ஒருவரான கைடோ கோல்ட்மன்தான் இதற்காக அலைந்து பேசி முடித்தவர். வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் ஐரோப்பிய மையம் பிஎம்டபிள்யூ பெயரைத் தாங்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒருங்கிணைப்புக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான ஷான் மொனே பெயரில் உலகெங்கும் உள்ள பேராசிரியர் இருக்கைகளுக்கும் மையங்களுக்கும் ஐரோப்பிய ஒன்றியமே நிதி தருகிறது. தன்னை ஆராய்கிறவர்களுக்குத் தானே பணம் கொடுக்கலாமா என்ற விமர்சனம் வெகுநாளாக உண்டு, அதில் நியாயமும் உண்டு.

மறைத்துக் கொடுத்த பணம் செய்த கெடுதலும் இந்த வரலாற்றில் இருக்கிறது. 1950-இல் மேற்கு பெர்லினில் தொடங்கிய கலாசாரச் சுதந்திரத்துக்கான காங்கிரஸ் என்ற அமைப்புக்கு அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ-வின் பணம் போனது என்று அறுபதுகளின் பின்பாதியில் அம்பலமானபோது, அதில் நம்பிக்கையோடு எழுதிய பல அறிவாளிகளின் பெயர் கெட்டது.

சரி, என்ன செய்யலாம்? அறிவிப்பின் அடியில் இருக்கும் முத்திரைகளைப் பாருங்கள். பேச வருகிறவர் எங்கே வேலை செய்கிறார் என்று பாருங்கள். ஆயுத நிறுவனத்துக்கு ஆலோசகராக இருப்பவர் பாதுகாப்புச் செலவைக் கூட்டச் சொன்னால் அந்தத் தகவலோடு சேர்த்துக் கேளுங்கள். குழு விவாதத்தில் மாறுபட்ட கருத்துக்காரர் ஒருவராவது இருக்கிறாரா என்பதுதான் என் அளவுகோல். நான்கு பேரும் ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டே இருந்தால் அந்த மாலை வீண்.

நிகழ்ச்சி எப்படி நடக்கும்? எத்தனை மணிக்குப் போவது?

பொதுவாக 40 நிமிட உரை, அரை மணி நேரம் கேள்வி. குழு விவாதமென்றால் ஒன்றரை மணி நேரம். ஜெர்மனியில் கல்விக் கால்மணி என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. மணி ஆறு என்று போட்டு, பக்கத்தில் கும் டெம்போரே என்ற லத்தீன் தொடரின் சுருக்கம் (c.t.) இருந்தால் ஆறேகாலுக்குத்தான் தொடங்கும். சீனே டெம்போரே என்பதன் சுருக்கம் (s.t.) இருந்தால் ஆறு மணி என்பது ஆறு மணிதான். உரை முடிந்ததும் அங்கே மாணவர்கள் கைதட்டுவதற்குப் பதில் முஷ்டியால் மேசையைத் தட்டுவார்கள். முதல் தடவை கேட்டால் ஏதோ எதிர்ப்பு என்று தோன்றும். பாராட்டுத்தான் அது.

அமெரிக்காவில் மதிய நேர உரைகள் அதிகம், பெரும்பாலும் சாண்ட்விச்சாவது இருக்கும். மாணவர்களுக்கு இதுவும் ஒரு சேதிதான்.

கேள்வி கேட்கத் தயக்கமாக இருக்கிறது. என் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டால்?

சிரிக்க மாட்டார்கள். அரங்கைச் சுற்றிப் பாருங்கள், போலந்துக்காரர், இத்தாலியர், துருக்கியர் என்று பாதிப் பேருக்கு மேல் ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருக்கும். மேடையில் இருப்பவருக்கே அப்படித்தான் இருக்கும். ஐரோப்பிய அரசியல் முழுக்கவே பல உச்சரிப்புகளில் நடக்கும் வேலை.

கேள்வி நேரம்தான் இந்த நிகழ்ச்சிகளின் உயிர் என்பது என் உறுதியான எண்ணம். உரையைப் பிறகு காணொளியில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கேள்விக்கு ஒரு முன்னாள் அமைச்சர் அந்த நொடியில் யோசித்துப் பதில் சொல்வது அங்கே மட்டும்தான் கிடைக்கும். தயாரித்த உரையில் வராத உண்மை பல நேரம் அந்தப் பதிலில்தான் வரும்.

எப்படிக் கேட்பது? "ஐரோப்பாவின் எதிர்காலம் என்ன?" என்று கேட்டால் பத்து வருடமாகச் சொல்லிவரும் பதிலையே ஒப்பிப்பார். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "ஹேக் மாநாட்டில் ஒத்துக்கொண்ட 5 சதவீதத்தில் 3.5 நேரடி ராணுவச் செலவு, 1.5 உள்கட்டமைப்பு போன்றவை. ஒரு நாடு தான் எப்படியும் கட்டப்போகும் பாலத்தை இந்த 1.5-இல் காட்டினால் அதை ஏற்பதா கூடாதா என்று யார் முடிவு செய்வது?" இதற்கு ஒப்பித்த பதில் கிடையாது. ஒரு தகவல், ஒரு கேள்வி, அவ்வளவுதான். முன்னுரை வேண்டாம். இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்காதீர்கள், சுலபமானதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

தாளில் எழுதிவைத்துப் படிப்பதில் தவறே இல்லை. நெறியாளர் "கேள்விகள்?" என்றதும் முதல் ஆளாகக் கை தூக்குங்கள். தொடக்கத்தில் எல்லோரும் தயங்குவார்கள், கடைசியில் இருபது கை உயரும், நேரம் இருக்காது. மைக் கையில் வரும் வரை பேச்சைத் தொடங்க வேண்டாம், பதிவில் கேட்காது.

மேற்கோள் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள் என்றும் சொல்ல வேண்டும். "ஐரோப்பாவோடு பேச வேண்டுமானால் யாருக்குத் தொலைபேசி செய்வது?" என்று முன்னாள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸிஞ்சர் கேட்டதாக இந்த அரங்குகளில் திரும்பத் திரும்ப வரும். தான் அப்படிச் சொன்னதாக உறுதியில்லை என்று கிஸிஞ்சரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உங்கள் கேள்வியில் அதை வைக்காதீர்கள்.

பொது உரைக்கும் பயிலரங்குக்கும் என்ன வித்தியாசம்?

பொது உரை முடிந்த சரக்கு. பயிலரங்கு சரக்கு உருவாகும் இடம். ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அச்சாகாத கட்டுரை வரைவுகளோடு வருவார்கள். ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் அனுப்பிவிடுவார்கள், படித்துவிட்டு வர வேண்டும். எழுதியவர் 15 நிமிடம் பேசுவார், சில இடங்களில் அவர் பேசவே மாட்டார். கருத்துரைக்க நியமிக்கப்பட்டவர் வரைவை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பார். பிறகு மேசையைச் சுற்றி அனைவரும் பேசுவார்கள். படிக்காமல் போய் உட்கார்ந்தால் இருபது பேர் கொண்ட அறையில் ஒளிந்துகொள்ள இடம் இருக்காது.

இதில் பேர்போனது ஐரோப்பிய அரசியல் ஆய்வுக் கூட்டமைப்பின் கூட்டு அமர்வுகள். எழுபதுகளிலிருந்து ஆண்டுதோறும் ஒரு பல்கலைக்கழகத்தில் நடக்கின்றன. ஒரு பயிலரங்கைத் தேர்ந்தெடுத்தால் கடைசி நாள் வரை அதே அறை, அதே முகங்கள், பதினைந்து இருபது கட்டுரைகள். பெரிய மாநாட்டில் அறைக்கு அறை ஓடுவதைவிட இதில் கற்பது பல மடங்கு. ஆய்வு மாணவர்களுக்கு முதலில் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

சேர வேண்டுமானால் கட்டுரை அழைப்பு வரும்போது 250, 300 வார்த்தையில் சுருக்கம் அனுப்ப வேண்டும். என்ன கேள்வி, என்ன தரவு, என்ன முறை என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். பயணச் செலவுக்கு உதவி உண்டா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். விசாவுக்கு அழைப்புக் கடிதம் தேவைப்படும். ஏற்பு வந்த அன்றே அதைக் கேட்டுவிடுங்கள், பின்னால் அலைய வேண்டாம்.

"சாதம் ஹவுஸ் விதிப்படி நடக்கும்" என்று அறிவிப்பில் இருக்கிறது. அப்படியென்றால்?

அங்கே கேட்ட விஷயத்தை நீங்கள் வெளியே பயன்படுத்தலாம். யார் சொன்னது, அவர் எந்த அமைப்பு, கூட்டத்தில் இன்னும் யார் இருந்தார் என்பதைச் சொல்லக்கூடாது. லண்டனில் சாதம் ஹவுஸ் என்ற வெளியுறவு ஆய்வு நிறுவனத்தில் 1927-இல் உருவான விதி. தூதர்களும் ராணுவ அதிகாரிகளும் மனம் திறந்து பேச இது உதவுகிறது. இப்படிப்பட்ட கூட்டத்தில் படம் எடுத்துப் போடுவதும் மீறல்தான். "இன்று இன்னாரோடு" என்று இன்ஸ்டாகிராமில் போட்டால் அடுத்த அழைப்பு வராது.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டே கேட்க முடியுமா?

முடியும். நிறைய மையங்கள் நேரலை செய்கின்றன, யூடியூபில் பதிவும் போடுகின்றன. நேரத்தைத்தான் கவனிக்க வேண்டும். பெர்லினில் மாலை 6 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 10:30, கோடையில் 9:30. பாஸ்டனில் மதியம் 12 என்றாலும் அதே கணக்கு. லண்டன் மாலை 6:30, குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு 12. மார்ச்சிலும் அக்டோபர் கடைசியிலும் கூடுதல் கவனம் வேண்டும். அமெரிக்காவும் ஐரோப்பாவும் கடிகாரத்தை மாற்றும் ஞாயிற்றுக்கிழமைகள் வேறு வேறு. நடுவில் சில நாட்கள் வழக்கமான கணக்கு ஒரு மணி நேரம் தப்பும்.

நேரலையில் கேள்வியை எழுத்தில் அனுப்பலாம். பெயரும் ஊரும் சேர்த்து அனுப்புங்கள். தூரத்து ஊரிலிருந்து வரும் கேள்வியை நெறியாளர்கள் விரும்பி எடுப்பார்கள்.

ஐரோப்பிய அரசியல் தெரிந்து நமக்கு என்ன ஆகப் போகிறது?

இலங்கையில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்ணிடம் கேட்டால் தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் தரும் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை, மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல் உள்ளிட்ட 27 சர்வதேச உடன்படிக்கைகளை நாடு நடைமுறைப்படுத்துவதோடு கட்டுண்டது. மனித உரிமை உடன்படிக்கைகளை இலங்கை சரியாக நிறைவேற்றவில்லை என்று 2010-இல் சலுகை நிறுத்தப்பட்டது. 2017 மே மாதம் திரும்பக் கிடைத்தது. பிரஸ்ஸல்ஸில் ஒரு குழு எழுதும் அறிக்கை, ஆடைத் தொழிற்சாலைகள் உள்ள கட்டுநாயக்காவில் வேலை இருக்குமா என்பதைத் தொடுகிறது. இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் பற்றி ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் தீர்மானம் வருவதும் இந்த வழியில்தான். இதைப் பற்றி உரை நடக்கும் அரங்கில் ஒரு தமிழ் மாணவி எழுந்து, அனுபவம் தெரிந்து ஒரு கேள்வி கேட்டால் அதற்கு இருக்கும் எடையே வேறு. திருப்பூர்ப் பின்னலாடைக்கும், ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஏற்ப வேலை செய்யும் சென்னை மென்பொருள் நிறுவனங்களுக்கும் இதே போலச் சொல்ல நிறைய உண்டு.

உரைக்கு நடுவில் போராட்டம் வந்தால்?

வரும். அமைச்சரோ தூதரோ பேசினால் பதாகையோடு சிலர் எழுவது வழக்கம்தான். பெரும்பாலும் சில நிமிடத்தில் அடங்கிவிடும். உங்கள் இடத்திலேயே இருங்கள். மாணவர் விசாவில் இருப்பவர்கள், தாங்கள் கலந்துகொள்ள முடிவெடுத்தால், பல்கலைக்கழக விதிகளை முதலில் படித்துவிடுவது நல்லது. பெரிய தலைவர்கள் வரும்போது பைச் சோதனை இருக்கும், சிறிய பையோடு போங்கள்.

சான்றிதழ் கிடைக்குமா?

பொது உரைக்குக் கிடைக்காது. பயிலரங்கில் கட்டுரை படித்தால் கேட்டு வாங்கலாம். ஜெர்மனியில் தொடர் உரைகளைப் பதிவு செய்து கேட்கும் மாணவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் மதிப்பெண் புள்ளி தருகின்றன. உங்கள் துறை அலுவலகத்தில் செமஸ்டர் தொடக்கத்திலேயே விசாரியுங்கள்.

இந்தியாவில் இப்படிப்பட்ட இடங்கள் உண்டா?

உண்டு. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய ஆய்வு மையம் இருக்கிறது. கர்நாடகத்தில் மணிப்பாலிலும் ஒரு மையம் செயல்படுகிறது. தூதரகங்களும் துணைத் தூதரகங்களும் கல்லூரிகளோடு சேர்ந்து உரைகள் நடத்துகின்றன. உங்கள் கல்லூரியில் அரசியல் அறிவியல் துறையோ வரலாற்றுத் துறையோ இருந்தால், சென்னையிலுள்ள ஐரோப்பியத் துணைத் தூதரகம் ஒன்றுக்கு முதல்வர் கையெழுத்தோடு ஓர் அழைப்பு அனுப்பச் சொல்லுங்கள். தலைப்பு, தேதி, எத்தனை மாணவர்கள், எந்த மொழி என்ற நான்கு விவரம் போதும். குறைந்தது ஆறு வாரம் முன்னதாக அனுப்புங்கள். கேள்வி நேரத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருப்பதாக அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள், வரவேற்புரையும் பொன்னாடையும் அதைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.